வெட்டுத் தீர்மானம்

ஆஸ்பத்திரி பெஞ்சில் ரிட்டயர்டு மிலிட்டரிக்காரரான கபூர் பாய் போனை என் முகத்துக்கு நேரே நீட்டியபோது நான் படிக்கிற கண்ணாடி போட்டிருக்கவில்லை, அதனால் முதலில் தெரிந்தது என் தம்பியின் வெள்ளைச் சட்டை மட்டும்தான், அப்புறம் அந்தச் சிரிப்பு, தேர்தலுக்கு எடுத்த போட்டோ, அதில் பக்கத்தில் நான் நின்றிருந்தேன், இதில் என்னை வெட்டி எடுத்துவிட்டார்கள், என் முந்தானையின் ஓரம் மட்டும் அவன் தோளில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. "பாரும்மா," என்றார் பாய். குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும், பதிலுக்கு நானும் ஏதாவது கத்தியிருப்பேன். கைப்பைக்குள் கண்ணாடியைத் துழாவினேன். என் வீட்டுக்காரருடைய மாத்திரை, மிலிட்டரி மருத்துவ அட்டை, துண்டு, இவருடைய போன், எல்லாம் கைக்கு வந்தன, கண்ணாடி வரவில்லை. கடைசியில் பாயே படித்தார்: "ராணுவத்துக்கு ஒதுக்கிய பணத்தைக் குறைக்கச் சொல்லி மக்களவையில் தீர்மானம் கொடுத்தார் நம்ம எம்.பி. குணாளன். ராணுவக் குடும்பங்களிடம் ஓட்டு வாங்கி, ராணுவத்தின் வயிற்றிலேயே அடித்தார்." நான் கேட்டேன், "யார் அனுப்பினது பாய்?" என்ன கேள்வி அது. யார் அனுப்பினால் என்ன. "எல்லாருக்கும் வந்துக்குதும்மா. காலையிலேர்ந்து நம்ம குரூப்புல இதே பேச்சுதான். பொய்யா இருக்கும்னுதான் நானும் நெனச்சேன். தீர்மானத்தோட நகலையே போட்டுக்கிறாங்க. அவன் கையெழுத்து கீது." கையெழுத்து. கு போட்டு அதன் வாலை நீளமாக இழுத்து அடியில் ஒரு கோடு. அதைப் பார்க்கக் கண்ணாடி வேண்டாம்.

குறைக்கச் சொல்லி. குறைக்கச் சொல்லியா? கூடுதலாகக் கேட்பேன் என்றுதானே சொன்னான். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் இவர் படுத்திருக்கிறார், இடது கையில் இரண்டு ஊசி, இவர் ரத்தம் ஒரு குழாய் வழியாக வெளியே போய் மெஷினைச் சுற்றிவிட்டு இன்னொரு குழாய் வழியாக உள்ளே வருகிறது. கதவு திறந்து மூடும்போதெல்லாம் ஸ்பிரிட் வாசனையோடு குளிர் ஒரு அலை மாதிரி வந்து என் காலில் படுகிறது. காலையில் எடை பார்த்துவிட்டு சிஸ்டர் கேட்டாள், "இன்னைக்கு எவ்ளோ குறைக்கணும் சார்?" உடம்பில் சேர்ந்த தண்ணீரைச் சொல்கிறாள். இவர் ஒவ்வொரு தடவையும் சொல்கிற ஜோக்கைச் சொன்னார், "வயசுல ஒரு பத்து குறைம்மா." அவளும் எப்போதும் சிரிப்பதுபோல் சிரித்தாள். குறைக்க, குறைக்க. இந்த வார்த்தை இன்று என்னை விடாது போலிருக்கிறது. இந்த பெஞ்சில் உட்கார்ந்திருக்கிற அத்தனை பேரும் மிலிட்டரி வீட்டுக்காரர்கள். எங்கள் பக்கத்து ஊர்களில் மிலிட்டரிக்குப் போகாத ஆண்பிள்ளையைத்தான் ஏன் போகவில்லை என்று கேட்பார்கள். சீனா எல்லை, பாகிஸ்தான் எல்லை, பனி, மணல், எல்லாம் பார்த்துவிட்டு வந்து கடைசியில் இந்த நகரத்துத் தனியார் ஆஸ்பத்திரியில் கார்டைக் காட்டிப் படுத்துக்கொள்கிறோம். கார்டைக் காட்டினால் சர்க்கார் பில் கட்டும். கட்ட வேண்டும். கட்டவில்லை என்று ஆஸ்பத்திரிக்காரர்கள் சொல்கிறார்கள். அடுத்த மாதத்திலிருந்து கார்டு செல்லாது என்று போன வாரம் மேனேஜர் எங்களைக் கூப்பிட்டுப் பக்குவமாகச் சொன்னார், சாவு வீட்டில் பேசுகிற மாதிரி. "சர்க்கார்ல எங்களுக்குப் பல மாசமா பாக்கி மேடம். நாங்க எவ்ளோ நாள்தான் தாங்குவோம்?" அவரைத் திட்டவும் மனம் வரவில்லை. வாரத்துக்கு மூன்று முறை கைக்காசில் யாரால் முடியும்? இவர் அந்த அறையை விட்டு வெளியே வந்ததும் சொன்னது ஒன்றுதான்: "ரெண்டு தரமாக் கொறச்சுக்கலாம் தமயந்தி. தண்ணி கம்மியாக் குடிச்சா சமாளிக்கலாம்." சமாளிக்க முடியாது. அவருக்கும் தெரியும்.

இந்தப் பாக்கித் தொல்லை அப்போதே இருந்தது, அதனால்தான் அந்தக் கூட்டம். தேர்தலுக்கு முன்னால், மாரியம்மன் கோயில் மைதானத்தில், முன்னாள் மிலிட்டரிக்காரர்கள் எல்லாரும் பிளாஸ்டிக் நாற்காலியில் வரிசை கலையாமல் உட்கார்ந்திருந்தார்கள், ரிட்டயரானாலும் வரிசை போகாது. குணாளன் மேடையில் இரண்டு விஷயம் சொன்னான். முன்னாள் வீரர்களின் வைத்தியத்துக்கு ஒதுக்குகிற பணம் போதவில்லை, அதை ஏற்றச் சொல்லி அவையில் எழுந்து கேட்பேன். ஏற்றாமல் பட்ஜெட் வந்தால் சும்மா உட்கார்ந்து கை தூக்க மாட்டேன். அவ்வளவுதான் சொன்னான், அலங்காரம் இல்லை, அதனாலேயே எல்லாரும் கை தட்டினார்கள். நான் இருந்த இடத்தில் இருந்திருக்கலாம். மைக்கை வாங்கி, "இவன் கேக்கலைன்னா நீங்க அவனைத் தேடிக்கினு டெல்லி போக வேணாம், என் வீட்டுக்கு வந்து என்னைக் கேளுங்க," என்று சொல்லிவிட்டேன். கூட்டம் சிரித்தது. இவர் மட்டும் சிரிக்கவில்லை, வீட்டுக்கு வரும் வழியில் சொன்னார், "அவன் வாக்குக்கு நீ ஏன் ஜாமீன் போடற?" ஏன் போடக்கூடாது, என் கையால் சோறு ஊட்டின பிள்ளை, அம்மா டி.பி. ஆஸ்பத்திரியில் கிடந்தபோது என் இடுப்பிலேயே இருந்தவன், ஊசி என்றால் மேசைக்கடியில் ஒளிகிறவன், இவர் லீவில் வரும்போதெல்லாம் இவர் பெரட் தொப்பியைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் சல்யூட் அடித்தவன். ஆனால் அவன் மிலிட்டரிக்குப் போகவில்லை. கண் பார்வை போதவில்லை என்று ஆள் எடுக்கிற இடத்தில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். திரும்பி வந்து சாப்பிடாமல் படுத்திருந்தவனை இவர்தான் எழுப்பி, "துப்பாக்கி புடிக்கிறவன் நான் இருக்கிறேன், எனக்காக வாதாடறவன் ஒருத்தன் வேணும், நீ சட்டம் படிடா," என்றார். அப்படி வக்கீலானவன். அப்படித்தான் எம்.பி.யும் ஆனான். இப்போது குறைக்கச் சொல்லி.

யாரும் என் வீட்டுக்கு வந்து கேட்கவில்லை, அதுதான் கொடுமை. வந்து கேட்டிருந்தால் பதில் தேடியிருப்பேன். யாரும் கேட்காததால் நானே என்னைக் கேட்டுக்கொண்டிருந்தேன். பக்கத்து வீடுகளில் சீரியல் ஓடுகிற நேரத்தில் என் வீட்டில் பார்லிமென்ட் ஓடும். மகள் மஞ்சரி பெங்களூரிலிருந்து போன் பண்ணினால், "என்னம்மா, உன் ஹீரோ பேசினாரா?" என்பாள். பேசினான். ரயில் நிற்பதைப் பற்றிப் பேசினான், தோல் பதனிடுகிற ஷாப்புத் தண்ணீர் ஆற்றில் கலப்பதைப் பற்றிப் பேசினான், நன்றாகத்தான் பேசினான், மிலிட்டரி என்ற வார்த்தை மட்டும் வாயிலிருந்து வரவில்லை. போன வருஷம் பாதுகாப்புத் துறைக்குப் பணம் ஒதுக்குகிற மானியக் கோரிக்கைக்கு விவாதமே இல்லை, நேரமில்லை என்று மீதித் துறைகளோடு சேர்த்து ஒரே மூச்சில் நிறைவேற்றிவிட்டார்கள், நான் டி.வி.யை முட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தேன், கேமரா ஒரு நொடி அவன் வரிசை மேல் போனது, அவன் உட்கார்ந்திருந்தான். சும்மா உட்கார்ந்து கை தூக்க மாட்டேன் என்றவன். பொங்கலுக்கு வரிசை கொண்டுவந்தபோது கரும்பைக்கூட வாசலில் வைக்க விடாமல் கேட்டேன். "அக்கா, எங்க கட்சி ஆட்சிக்கு வெளியிலேர்ந்து ஆதரவு குடுக்குது. இதெல்லாம் கட்சி முடிவு பண்றது. நான் நெனச்சதும் எழுந்து நிக்க முடியாது." "அப்ப மைதானத்துல உன் கட்சியா பேசுச்சு?" கரும்பை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டான். "வாக்கைக் காப்பாத்திட்டு வரிசை கொண்டா," என்று சொல்லி உள்ளே போய்விட்டேன். சமையல்கட்டில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன், இவர் அவனிடம் ஏதோ மெதுவாகப் பேசினார், கார் கிளம்பிப் போனது. அதற்கப்புறம் பேச்சில்லை. மாமாவுக்கு மட்டும் போன் பண்ணுவான், நான் பக்கத்திலிருந்தால் இவர் ஸ்பீக்கரை ஆஃப் பண்ணிவிடுவார்.

பைக்குள் ஏதோ துடிக்கிறது. இவருடைய போன். குரூப்பில் அடுத்தடுத்து வருகிறது, மடியில் வைத்திருக்கிற பை அதிர்ந்துகொண்டே இருக்கிறது. நல்லவேளை உள்ளே போகும்போது என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார், ஒரு கை அசைக்கக்கூடாது, இன்னொரு கையில் போன் வைத்துக்கொண்டு எதையாவது பார்த்துக்கொண்டே படுத்திருப்பார், இன்று தூக்கம் வருகிறது என்று கொடுத்துவிட்டார். ரத்த அழுத்தம் இறங்கிவிடும் இவருக்கு, மெஷினில் இருக்கும்போதே சட்டென்று இறங்கும், போன மாதம் அப்படித்தான் முகமெல்லாம் வேர்த்து, "தமயந்தி, வெளக்கைப் போடு," என்றார், விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. இந்தச் செய்தியை அவர் அங்கே படுத்துக்கொண்டு படித்தால்? போனை ஆஃப் செய்தேன். பித்தானை அழுத்தி அழுத்தி என் விரல் வலித்தது, சரியாக அணைந்துவிட்டதா என்று இன்னொரு முறை எடுத்துப் பார்த்தேன். வீட்டுக்குப் போனால் பார்ப்பாரே. வீட்டுக்குப் போகிற வரைக்குமாவது தெரியாமல் இருக்கட்டும். பக்கத்தில் ஜெபமணி, அவள் வீட்டுக்காரர் மிலிட்டரி சிக்னல்ஸ் பிரிவில் இருந்தவர், அவருக்கும் இதே நாளில்தான் டயாலிசிஸ், எப்போதும் என் தோளோடு தோள் ஒட்டி உட்காருகிறவள், இன்று கொஞ்சம் தள்ளி உட்கார்ந்திருக்கிறாளா? இல்லை, ஏ.சி. காற்று நேரே அடிக்கிறது என்று நகர்ந்திருப்பாள். அவள் என்னைப் பார்க்காமல் கேட்டாள், "அக்கா, தம்பிக்கு ஏதாவது நெருக்கடியா?" நெருக்கடி. நல்ல மனசு, அவளே எனக்கு ஒரு காரணம் எடுத்துக் கொடுக்கிறாள். ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். "தெரியலடி," என்றேன். அதுதான் உண்மை. ஆனால் எனக்குள் ஒருத்தி தெரியும் என்கிறாள், அவன் பொங்கலன்று வாசலில் நின்ற நிற்பை நினைத்துப் பார் என்கிறாள், கோபத்தில் செய்துவிட்டானா, அக்கா அவமானப்படுத்தினாள் என்று, சே, அப்படியெல்லாம் இல்லை, கட்சி கையெழுத்துப் போடச் சொல்லியிருக்கும், படிக்காமல் போட்டிருப்பான், வக்கீல் படிக்காமல் போடுவானா?

"இன்னைக்குத்தான் விவாதம்னு போட்டுக்குது," என்றார் கபூர் பாய். சுவரில் இருந்த டி.வி.யில் ஒரு பெண் கழுத்து நிறைய நகை போட்டுக்கொண்டு சுற்றிக்கொண்டிருந்தாள். "யாரும்மா ரிமோட்டு வெச்சிக்கிறது?" வரவேற்பில் இருந்த பெண் தயங்கித் தயங்கிக் கொடுத்தாள், பாய் ஒவ்வொரு சேனலாகத் தள்ளினார், சமையல், சண்டை, சாமி, அப்புறம் அந்தப் பச்சை விரிப்பும் பெஞ்சுகளும். யாரோ ஒருவர் இந்தியில் பேசிக்கொண்டிருந்தார். இங்கே எல்லாருக்கும் இந்தி புரியும், மிலிட்டரி குவார்ட்டர்ஸில் காய்கறிக்காரனிடம் பேரம் பேசிக் கற்றுக்கொண்ட இந்தி. எழுந்து வெளியே போய்விடலாமா என்று இருந்தது. வெளியே டீக்கடைப் பக்கம் போய் நின்றால், முடிந்ததும் யாராவது வந்து சொல்வார்கள். ஆனால் நான் போனால் பாய் கூப்பிடுவார், ஜாமீன் போட்டவள் நான்தானே. உட்கார்ந்தேன். மெஷின் ஒன்று உள்ளே பீப் பீப் என்று கத்தியது, இவருடையதா, இல்லை, சிஸ்டர் வேறு பக்கம் போனாள். அவைத் தலைவர் கடிகாரத்தைப் பார்த்து, "குனாலன்ஜி, சுருக்கமாகப் பேசுங்கள்," என்றார். எழுந்தான். இளைத்திருக்கிறான். காலர் கழுத்தைச் சுற்றித் தளர்வாக நிற்கிறது. கையில் தாளில்லை, பொய் சொல்லப்போகிறவன் தாள் வைத்திருப்பான் என்று எனக்கு ஏனோ தோன்றியது.

"தலைவர் அவர்களே, தமிழில் பேசுகிறேன். என் பெயரில் ஒரு வெட்டுத் தீர்மானம் இருக்கிறது. பாதுகாப்புத் துறையின் மானியக் கோரிக்கையில் நூறு ரூபாயைக் குறைக்க வேண்டும் என்பது தீர்மானம்." நூறு ரூபாயா? ஜெபமணி என்னைப் பார்த்தாள். நூறு கோடி என்று சொல்ல வந்து தவறிவிட்டானா? "ராணுவத்தின் பணத்தைக் குறைக்கச் சொன்னேன் என்று என் தொகுதியில் இன்று காலையிலிருந்து பேசிக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் கோபம் நியாயம். ஆனால் நூறு ரூபாயில் எந்தப் பீரங்கியும் நின்றுவிடாது. ஒரு துறை தன் கடமையில் தவறும்போது, அந்தக் குறையைச் சொல்ல ஒரு உறுப்பினருக்கு இந்த அவையின் விதிகள் திறந்து வைத்திருக்கிற கதவு இது. நூறு ரூபாயைக் குறைக்கச் சொன்னால்தான் எங்கள் குறையைக் கேட்பீர்கள் என்றால், குறைக்கச் சொல்கிறேன்." யாரோ குறுக்கே கத்தினார்கள். அவன் நிறுத்தவில்லை. முன்னாள் வீரர்களின் வைத்தியத்துக்கு ஒதுக்கிய பணம் எப்படி வருஷத்தின் பாதியிலேயே தீர்ந்துபோகிறது, ஆஸ்பத்திரிகள் ஏன் கார்டை வாங்கத் தயங்குகின்றன, எல்லாம் சொன்னான். "பனியில் காவல் நின்ற ஒருவர் இந்த நேரத்தில் என் தொகுதிப் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றில் மெஷினில் படுத்திருக்கிறார். மூன்று முறை செய்துகொள்ள வேண்டியதை இரண்டு முறையாகக் குறைத்துக்கொள்கிறேன் என்கிறார். அவரைக் குறைக்கச் சொல்லாதீர்கள், தலைவர் அவர்களே. நீங்கள் கூட்டுங்கள்." பெயர் சொல்லவில்லை. இவர் அதை அவனிடம் சொல்லியிருக்கிறார். ஸ்பீக்கரை ஆஃப் பண்ணிவிட்டு இதைத்தான் பேசியிருக்கிறார்கள் இரண்டு பேரும். கபூர் பாய் நின்றபடியே பார்த்துக்கொண்டிருந்தவர், அட்டென்ஷனில் நிற்பது போல் நிமிர்ந்திருந்தார், தன்னையறியாமல். "நம்ம பையன்மா," என்றார். "நாமதான் படிக்கத் தெரியாம படிச்சிட்டோம்."

அமைச்சர் எழுந்தார். வழக்கமான பேச்சு, வீரம், தியாகம், அப்புறம் தாள் ஒன்றைப் பிரித்தார். வருஷ நடுவில் வருகிற துணை மானியக் கோரிக்கையில் இதற்குக் கூடுதல் பணம் வைக்கப்படும், மூன்று மாதத்துக்குள் ஆஸ்பத்திரிகளின் பாக்கி தீர்க்கப்படும், அதுவரை எந்த நோயாளியையும் திருப்பி அனுப்பக்கூடாது என்று இன்றே கடிதம் போகும். சொன்னார். அவையில் சொன்னார். நான் கேட்டேன், என்னோடு இத்தனை பேர் கேட்டோம். "உறுப்பினர் தீர்மானத்தைத் திரும்பப் பெறுகிறாரா?" என்று தலைவர் கேட்டார். பெற்றுக்கொள்ளடா, போதும், கட்சிக்காரர்கள் திரும்பிப் பார்க்கிறார்கள், முன்வரிசையில் ஒருவர் கையால் உட்காரச் சொல்கிறார். "அமைச்சருக்கு நன்றி," என்றான் குணாளன். "பணம் வந்து சேரட்டும். திரும்பப் பெறவில்லை." தீர்மானத்தை ஆதரிக்கிறவர்கள் சொல்லலாம் என்றார் தலைவர். எதிர்ப்பக்கத்திலிருந்து அங்கங்கே குரல் வந்தது, அவன் கட்சிப் பக்கத்திலிருந்து அவனுடைய ஒரே ஒரு "ஆம்". பிறகு "இல்லை" என்று அவையே இடி மாதிரி முழங்கியது. தீர்மானம் தோற்றது. ஜெபமணி பயந்துபோய், "தோத்துட்டாராக்கா?" என்று கேட்டாள். நான் சிரித்துவிட்டேன். எத்தனை நாளாயிற்று இப்படிச் சிரித்து, தாடையே வலித்தது. "தோக்கத்தான்டி அந்தத் தீர்மானம்," என்றேன். அவள் என் தோளில் சாய்ந்துகொண்டாள். நிஜமாகவே ஏ.சி.க்காகத்தான் நகர்ந்து உட்கார்ந்திருக்கிறாள், கை சில்லென்று இருந்தது.

போன் அடித்தது, இந்த முறை என்னுடையது. "அக்கா, மாமா போன் ஸ்விட்ச் ஆஃப்னு வருது. மாமாவுக்கு ஒண்ணுமில்லையே?" மூச்சு வாங்க நடந்துகொண்டே பேசுகிறான், பின்னால் நிறைய பேர் பேசுகிற சத்தம். "ஒண்ணுமில்ல. நான்தான் ஆஃப் பண்ணேன்." "ஏன்?" "வாட்ஸப்புல உன் மானம் போய்க்கினு இருந்துது, அவர் பாக்க வேணாம்னு." நடப்பதை நிறுத்தினான் போலிருக்கிறது. "நீயுமாக்கா நம்பின?" பொய் சொல்லலாம். சொல்ல வரவில்லை. "கொஞ்ச நேரம் நம்பினேன்டா." "சரி," என்றான், குரல் இறங்கிவிட்டது. "ஏன்டா முன்னாலயே ஒரு வார்த்தை சொல்லல?" "கட்சியில தெரிஞ்சா தடுத்திருப்பாங்க. உங்கிட்ட சொன்னா நீ மைக்கு வெக்காமலே ஊருக்கெல்லாம் சொல்லிருப்ப." அது சரிதான். "இப்ப கட்சியில கூப்பிட்டு விட்டிருக்காங்க, என்ன செய்யப்போறாங்கன்னு தெரியல." "பயமா கீதா?" "ஊசி போடற எடத்துல இருந்த மாதிரி கீது." மேசைக்கடியில் ஒளியவில்லை, அதுவே பெரிது என்று சொல்ல நினைத்து, சொல்லாமல், "அமைச்சர் மூணு மாசம்னு சொல்லிக்கிறாரு. நான் பாத்துக்கினே இருப்பேன்," என்றேன். "அவரையா, என்னையா?" "ரெண்டு பேரையும்." சிரித்தான், பிறகு யாரோ கூப்பிட்டார்கள், வைத்துவிட்டான்.

சிஸ்டரிடம் சொல்லிவிட்டு உள்ளே போனேன். இவர் விழித்துக்கொண்டுதான் இருந்தார், போர்வையைக் கழுத்து வரைக்கும் இழுத்துக்கொண்டு. குனிந்து எல்லாவற்றையும் காதோடு சொன்னேன், முன்னும் பின்னுமாக, நூறு ரூபாய், ஒற்றை ஆம், மூன்று மாதம், அவர் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டே இருந்தார், இடையில் ஒருமுறை மட்டும் உதடு கோணியது, அழுகையா சிரிப்பா தெரியவில்லை. "எதிர்த்து நின்னானா?" என்றார். "நின்னான்." "தனியாவா?" "தனியாத்தான்." தலையை ஆட்டினார். ஊசி இல்லாத கையால் என் கையைப் பிடித்துக்கொண்டார். ஸ்டூலை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன். மெஷினுக்குள் ரத்தத்தைத் தள்ளுகிற சிவப்புச் சக்கரம் மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது, அதையே பார்த்துக்கொண்டிருந்ததில் என்னென்னவோ மனதுக்குள் வந்து போனது, மஞ்சரி நெல்லிக்காய் ஊறுகாய் கேட்டிருந்தாளே போட வேண்டும், அரிசி மாவு தீர்ந்துவிட்டது, பாத்ரூம் குழாய் ஒரு வாரமாகச் சொட்டிக்கொண்டே இருக்கிறது, பிளம்பர் வருகிறேன் வருகிறேன் என்று ஏமாற்றுகிறான். அதை வாய்விட்டே சொல்லியிருக்கிறேன் போல. இவர் கண்ணைத் திறக்காமலே, "பிளம்பர் எதுக்கு, வாஷர்தான் போயிருக்கும்," என்றார். "நாளைக்கு நான் மாத்தறேன்."